கம்ப்யூட்டர் கண் திறக்க மறுத்தால்...

மிக்ஸி ஓடவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? எடுத்த எடுப்பில் மெக்கானிக்கைத் தேடி ஓடுவதில்லை. ப்ளக் சரியாக மாட்டியிருக்கிறதா, ஜார் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். பிறகு மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்துகிறோம். பாதி நாள் அதோடு ஓட ஆரம்பித்துவிடும். கிரைண்டர் சுற்றாவிட்டால் பெல்ட்டைப் பார்க்கிறோம். இதெல்லாம் நாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. புழங்கிப் புழங்கி வந்த பழக்கம், அவ்வளவுதான்.

ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணினால், நம்மில் பலரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறோம். "அவர் ஆபீஸ்லேர்ந்து வரட்டும்", "பையன் காலேஜ்லேர்ந்து வரட்டும்" என்று காத்திருக்கிறோம். அல்லது, பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்கிறோம். இரண்டாவது முதலாவதைவிட மோசம்!

2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா சமயத்தில் குழந்தைகளின் பள்ளிக்கூடமே வீட்டுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் 'அவங்க சமாச்சாரம்' என்று ஒதுக்க முடியாத பொருளாகிவிட்டது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் அதில்தான் இருக்கிறது. மாமனாரின் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் அதில்தான் இருக்கிறது. வீட்டுக் கடன் காகிதங்களின் நகலும் அதில்தான். பகலில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் நாம்தானே?

அதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்து போனாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். பெட்டி வேறு, அதற்குள் நாம் சேமித்து வைத்திருப்பது வேறு. கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் படங்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. பீரோ சாவி தொலைந்தால் உள்ளே இருக்கிற பட்டுப்புடவை காணாமல் போய்விடுமா? பெரும்பாலும் அவை உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். அவற்றைத் தொலைக்க வைப்பது, அதற்குப் பிறகு நாம் படுகிற அவசரம்.

<b>நாலு படிகள்</b>

காலையில் ஒரு வீடு எப்படி விழித்துக்கொள்கிறது? முதலில் லைட்டைப் போடுகிறோம். அடுப்படியில் பால் இருக்கிறதா, கேஸ் இருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு தூங்குகிறவர்களை எழுப்புகிறோம். கடைசியில்தான் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். கம்ப்யூட்டரும் இதே வரிசையில்தான் எழுந்திருக்கிறது.

முதல் படி, கரண்ட் வருவது. இரண்டாவது, 'என் உறுப்புகள் எல்லாம் சரியாக இருக்கிறதா' என்று அது தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொள்வது. மூன்றாவது, விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து எழுப்புவது. இதற்குத்தான் 'பூட்' ஆகிறது என்று பெயர். (நம் வீட்டுப் பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) நாலாவது, விண்டோஸ் முழுசாக எழுந்து நம் படங்களையும் ஃபைல்களையும் காட்டுவது.

இந்த நாலில் எந்தப் படியில் தடுக்கி விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. அதற்கு இன்ஜினீயரிங் வேண்டாம். கண், காது, மூக்கு மூன்றும் போதும்.

<b>முதல் படி: மூச்சே இல்லை</b>

பட்டனை அமுக்கினால் விளக்கும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. இதைக் கண்டுதான் நாம் அதிகம் பயப்படுகிறோம். உண்மையில் செலவில்லாமல் சரியாகிறதும் பெரும்பாலும் இதுதான்.

சுவர் ஸ்விட்சில் தொடங்குங்கள். அதே ப்ளக் பாயின்டில் செல்போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். சார்ஜ் ஏறுகிறதா? ஏறினால் சுவரில் குற்றமில்லை. அடுத்து நீளப் பெட்டியாக இருக்கிற ஸ்பைக் பஸ்டர். அதில் தனி ஸ்விட்ச் உண்டு, ஃபியூஸும் இருக்கலாம். அதை விட்டுவிட்டு கம்ப்யூட்டரின் வயரை நேரே சுவரில் மாட்டிப் பாருங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதையும் இதே மாதிரி ஒதுக்கிப் பாருங்கள். சின்ன யு.பி.எஸ். பேட்டரி பொதுவாக இரண்டு மூன்று வருஷம்தான் உழைக்கும். பேட்டரி செத்துப்போன யு.பி.எஸ். தானும் ஓடாமல் கம்ப்யூட்டரையும் ஓடவிடாமல் படுத்தும். "கம்ப்யூட்டர் போச்சு" என்று சொல்லி யு.பி.எஸ். பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்த வீடுகளை குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு, பெட்டியின் முதுகுப் பக்கம் சொருகியிருக்கிற தடித்த கறுப்பு வயர். சரஸ்வதி பூஜைக்கும் பொங்கலுக்கும் துடைத்துச் சுத்தம் செய்கிறபோது இது லேசாக நழுவிவிடும். பார்வைக்கு மாட்டியிருக்கிற மாதிரியே இருக்கும். ஒரு தடவை முழுதாகக் கழற்றி, அழுத்தி மாட்டுங்கள். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று, பூஜ்யம் என்று போட்ட குட்டி ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அது ஒன்று என்கிற பக்கம் அழுந்தியிருக்க வேண்டும்.

பழைய பெட்டிகளில் இதற்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு நகர்த்தும் ஸ்விட்ச் இருக்கும். 115, 230 என்று எழுதியிருக்கும். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். வாண்டுகள் விளையாட்டாக அதை 115-க்கு நகர்த்திவிட்டு ஸ்விட்சைப் போட்டால் 'டப்' என்று வெடிச் சத்தம்தான்! அந்த ஸ்விட்ச் இருக்கிற வீட்டில் அதன் மேல் ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள்.

லேப்டாப்பாக இருந்தால்? சார்ஜரில் விளக்கு எரிகிறதா பாருங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு (பேட்டரி வெளியே எடுக்கிற மாதிரி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு) பவர் பட்டனை அரை நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கிற மின்சாரம் வடிந்துவிடும். மறுபடி சார்ஜரை மட்டும் மாட்டிப் பட்டனைத் தட்டுங்கள். செத்தது என்று நினைத்த பல லேப்டாப்புகள் இதில் கண் விழிக்கும்.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார்களே, அது இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் இருக்கிறது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் பேட்டரி போய்விடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் போட்டுப் பாருங்கள். சின்னவளுக்கு டைப் அடிக்கப் பழக அது போதும். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் - அடிப்பக்கம் ஆடுகிறது, கீபோர்ட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் - சார்ஜ் போடவே போடாதீர்கள். அமுக்கியோ குத்தியோ பார்க்கக் கூடாது. தீப்பிடிக்கிற சரக்கு அது. குப்பைத் தொட்டியிலும் போடாமல், எலக்ட்ரானிக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

இவ்வளவு பார்த்தும் மூச்சு வரவில்லை என்றால், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி போயிருக்கலாம். கருகல் வாசனை வந்தால் அநேகமாக அதுதான். அதை மாற்றிவிடலாம், படங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். தூக்கி அடித்துவிடும், ஜாக்கிரதை!

<b>இரண்டாம் படி: ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு</b>

பெட்டியில் விளக்கு எரிகிறது, 'உர்ர்' என்று ஃபேன் ஓடுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. முதலில் மானிட்டருக்குத் தனியாகக் கரண்ட் வருகிறதா பாருங்கள். 'நோ சிக்னல்' என்று அதில் எழுத்து வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது; கோளாறு வயரிலோ பெட்டியிலோ. வயரை இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுங்கள். லேப்டாப் என்றால் இருட்டு அறையில் ஒரு டார்ச் விளக்கைத் திரை மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, திரைக்குப் பின்னால் உள்ள விளக்குதான் எரியவில்லை.

இப்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். கம்பெனி தன் 'பர்சனல் கம்ப்யூட்டரை' வெளியிட்டபோதே, அது தன்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு 'பீப்' என்று ஒரே ஒரு தடவை குரல் கொடுக்கும். எல்லாம் நலம் என்று அர்த்தம். அதன் வழியில் வந்த பல பெட்டிகளிலும் அந்தக் குரல் உண்டு. ஒன்றுக்கு மேல் கூப்பிட்டால், அல்லது நீட்டி நீட்டிக் கூப்பிட்டால், ஏதோ ஓர் உறுப்பு சரியில்லை என்று முறையிடுகிறது. எத்தனை தடவை, நீளமா குட்டையா என்று ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். மெக்கானிக்குக்கு அது நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. (புதுப் பெட்டிகள் சிலதில் குரலுக்குப் பதில் உள்ளே குட்டி விளக்கு எரியும்.)

நீட்டிக் கூப்பிடுவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது 'ரேம்' என்ற நினைவுப் பலகை. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் அதன் பொன்னிறப் பட்டைகளில் பாசி மாதிரி ஒரு மங்கல் படியும். பெரிய பெட்டியாக இருந்து, வாரன்ட்டியும் முடிந்திருந்தால் நாமே சுத்தம் செய்யலாம். ப்ளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி விடுங்கள். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு பலகையைத் தொடுங்கள். இரண்டு ஓரத்துக் கிளிப்பையும் தள்ளினால் பலகை மேலே எழும்பும். பொன்னிறப் பட்டையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் கேட்கிற வரை அழுத்திப் பொருத்துங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். இதற்குத் துணிவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பரவாயில்லை. "பீப் நீளமா வருது, ரேமைப் பாருங்க" என்று சொல்லத் தெரிந்தாலே போதும்.

<b>மூன்றாம் படி: கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து</b>

எழுத்து வந்துவிட்டதா? நல்ல சகுனம். படிக்காமல் அணைத்துவிடாதீர்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றோ அந்த மாதிரியோ வந்தால், விண்டோஸ் இருக்கிற இடம் அதற்குத் தெரியவில்லை. உடனே முன்பக்கம் பின்பக்கம் பாருங்கள். பென் டிரைவ் ஏதாவது சொருகியிருக்கிறதா? ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் வந்த பென் டிரைவை அப்படியே விட்டிருப்போம். கம்ப்யூட்டர் அதில் போய் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கும். பிடுங்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

தேதி தப்பாக இருக்கிறது, 'எஃப் ஒன் அமுக்கு' என்று கேட்கிறது என்றால் உள்ளே இருக்கிற நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். 3 வோல்ட் பேட்டரி, விலை சொற்பம்.

இங்கே இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நாணய பேட்டரி பளபளவென்று மிட்டாய் மாதிரி இருக்கும். குழந்தை விழுங்கி அது தொண்டைக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உள்ளே புண்ணாக்கி அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 'வெளிக்குப் போகும்போது வந்துடும்' என்று காத்திருக்கவும் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பழைய பேட்டரியை மேஜை மேல் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வைத்து, பிறகு கழிவு வாங்குகிறவர்களிடம் சேர்ப்பியுங்கள்.

எழுத்து வருகிற சமயத்தில் பெட்டிக்குள்ளிருந்து 'டக்... டக்... டக்...' என்று கடிகாரம் மாதிரி சத்தம் கேட்டால், அது நம் படங்கள் இருக்கிற ஹார்ட் டிஸ்க் படுகிற அவஸ்தை. இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் தயவு செய்து உடனே அணைத்துவிடுங்கள். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று போட்டுப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மீட்கக்கூடிய படங்கள் குறைந்துகொண்டே போகலாம்.

<b>நாலாம் படி: சுற்றிக்கொண்டே இருக்கிறது</b>

விண்டோஸ் சின்னம் வருகிறது, புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன, அதற்கு மேல் நகரவில்லை. 'அப்டேட்' என்று எழுதியிருந்தால் பொறுமை. சமையலை முடித்துவிட்டு வந்து பாருங்கள். பழைய பெட்டிகள் ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். நடுவில் அணைத்தால்தான் வம்பு.

அப்டேட் இல்லை, சும்மா நிற்கிறது என்றால், இரண்டு மூன்று தடவை தொடர்ந்து எழ முடியாமல் போகிறபோது இப்போதைய விண்டோஸ் தானாகவே ரிப்பேர் பக்கத்தைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' என்பதை அமுக்கிப் பார்ப்பதில் பயமில்லை. 'ரீசெட்' என்ற பக்கம் போகாதீர்கள். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று இரண்டு கேள்வி வரும். இரண்டாவதை அமுக்கினால் எல்லாம் போச்சு. ஃபைல்களைப் பத்திரமாக வேறிடத்துக்கு எடுத்த பிறகுதான் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டும். நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டால் பயந்து போகாதீர்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பதிவாகியிருக்கும் வாய்ப்பு அதிகம். போனிலிருந்தே அந்தக் கணக்கில் நுழைந்து பார்க்கலாம்.

சேலையூரில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்கு நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் இந்த நாலாம் படியில் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு பையனை வரவழைத்தார்.

"ஒண்ணுமில்லக்கா, ஃபார்மட் அடிச்சா புதுசு மாதிரி ஓடும்" என்றான்.

"ஆகட்டும்பா, சீக்கிரம் முடி. பொண்ணுக்கு நாளைக்கு கிளாஸ் இருக்கு" என்று இவரும் சொல்லிவிட்டார்.

அரை நாளில் கம்ப்யூட்டர் புதுசு மாதிரிதான் ஓடியது. காலமாகிவிட்ட தம் தாயார், பேத்தியைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டிய வீடியோ அதில் இருந்தது. வேறு எங்கும் நகல் இல்லை. அந்தப் பையன் திருடவில்லை, ஏமாற்றவில்லை. 'ஃபார்மட்' என்றால் பாத்திரம் துலக்குகிற மாதிரி என்று இவர் நினைத்தார். பாத்திரத்தில் இருப்பதைக் கொட்டிவிட்டுத்தான் துலக்குவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

நிற்பது விண்டோஸ் மட்டும்தான். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினாலோ, லினக்ஸ் போட்ட ஒரு பென் டிரைவை வைத்து எழுப்பினாலோ எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்திருக்கலாம். ஃபார்மட் அதற்குப் பிறகு.

<b>வெள்ளம் புகுந்த வீட்டில்</b>

தாம்பரம் பக்கத்தில் இருக்கிற நமக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு பாடம் உண்டு. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை மீறி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளத்து வீடுகள் மூழ்கின. படகு வந்துதான் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமும் அதே கதை.

2015-இல் முடிச்சூரில் என் சினேகிதி வீட்டில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர். கம்ப்யூட்டர் பெட்டி தரையில் இருந்தது. தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும், வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமே" என்று ஸ்விட்சுக்குக் கை நீட்டினார்.

"வேண்டாம் அண்ணா, தொடாதீங்க. ஈரத்துல கரண்ட் பாஞ்சா மிச்சமும் போயிடும்" என்று தடுத்தாள் சினேகிதி.

பிறகு மெக்கானிக் வந்து பிரித்துப் பார்த்தபோது அடிப்பக்கமெல்லாம் சேறு. மதர்போர்ட் போய்விட்டது. ஆனால் ஹார்ட் டிஸ்க் தண்ணீருக்கு மேலே, மேல் தட்டில் இருந்தது. அதை மட்டும் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினார்கள். மகனின் அன்னப்பிராசனம், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டுவிழா எல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கு ஸ்விட்சைத் தட்டியிருந்தால் ஈரத்தில் ஷார்ட் ஆகி டிஸ்கும் கருகியிருக்கலாம்.

ஆகவே, தண்ணீர் பட்ட கம்ப்யூட்டருக்கு முதல் வைத்தியம், ஸ்விட்சைத் தொடாமல் இருப்பதுதான். மெயினை அணைத்துவிட்டு - தண்ணீரில் நின்றுகொண்டு அல்ல, காய்ந்த இடத்தில் நின்று - ப்ளக்கைப் பிடுங்குங்கள். வெயிலில் சுட வைப்பது, அரிசி டப்பாவில் புதைப்பது இவற்றால் பயனில்லை. வெள்ளத் தண்ணீரில் சேறும் சாக்கடையும் கலந்திருக்கும். ஈரம் உலர்ந்தாலும் அந்த அழுக்கு உள்ளேயே உட்கார்ந்து அரிக்கும். தெரிந்தவர் பிரித்துக் கழுவி உலர்த்த வேண்டும். டிஸ்கே மூழ்கியிருந்தால் சோதித்துப் பார்க்காமல், தரவு மீட்கிற வேலையைத் தனியாகச் செய்கிறவர்களிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.

<b>நம் பக்கத்து எதிரிகள்</b>

நீலாங்கரை, கொட்டிவாக்கம், ஈஞ்சம்பாக்கம் பக்கம் கடற்காற்றின் உப்பு. ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற அதே காற்று பெட்டிக்குள்ளும் போகும். ஜன்னலோரத்தில் கம்ப்யூட்டர் வேண்டாம். வாரத்தில் சில நாளாவது ஓட்டினால் உள்ளே சூடேறி ஈரம் தங்காது.

பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பான இடம் தேடிப் பெட்டிக்குள் போகும். பின்பக்கத்தில் கார்டு கழற்றிய இடத்தில் இடைவெளி இருந்தால் அதை மூடுகிற தகடு கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் மேஜையில் முறுக்கும் மிக்ஸரும் தின்னக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பெட்டியைத் தொட்டால் விரலில் 'சுருக்' என்கிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிக்கிற விஷயமில்லை இது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள். இடி மின்னல் சமயத்தில் ஸ்விட்சை அணைத்தால் போதாது. இடி நெருங்குவதற்கு முன்பே ப்ளக்கைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும்.

சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். தாராளமாக வையுங்கள். காற்றுப் போகிற ஓட்டைகளை விட்டுவிட்டு பக்கவாட்டுத் தகட்டில் வையுங்கள். ஈரத்துணி வேண்டாம், காய்ந்த துணி போதும். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்!

<b>மெக்கானிக்கிடம் பேசுவது</b>

"ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? "லைட் எரியுது, ஃபேன் ஓடுது, திரை வரலை, பீப் நீளமா மூணு தடவை அடிக்குது. நேத்து ராத்திரி கரண்ட் போய் வந்ததுக்கப்புறம் இப்படி" என்று சொல்லிப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர்கள் என்று அவரும் கவனமாகப் பேசுவார். வேண்டாத சாமானைத் தலையில் கட்டுவதும் குறையும்.

பெட்டியைக் கொடுக்கும்போதே மூன்று நிபந்தனை சொல்லுங்கள். ஃபைல்களை எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஃபார்மட். மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தர வேண்டும். செலவு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ரசீதில் டிஸ்கின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். கடையில் விட்டுவிட்டு வருவதானால், முடிந்தால் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களின் படங்கள் வெளியார் கையில் இருப்பது நமக்கு வேண்டாம்.

உள்ளூரில் கிடைக்காத சாமானுக்கு அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு இருக்கிறது. பழைய பெட்டிகளுக்கான ரேமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் தேடுகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள். போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். ஜாக்கெட் பிட்டுக்கு மேட்ச் பார்க்கிற மாதிரிதான் இதுவும். கையில் இருந்தால் தப்பு வராது.

<b>ஒரே ஜாடியில் வைக்காதீர்கள்</b>

வருஷத்துக்குப் போடுகிற ஆவக்காயை எல்லாம் ஒரே ஜாடியிலா வைக்கிறோம்? ஒன்றில் பூஞ்சை பிடித்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று பிரித்துத்தானே வைக்கிறோம். படங்களுக்கும் அதே வழிதான். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியே மாட்டுகிற தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. அந்த மூன்றாவது, இன்டர்நெட்டில் இருக்கலாம். மாடி வீட்டிலோ பிறந்த வீட்டிலோ வைத்த ஒரு டிஸ்காகவும் இருக்கலாம். முடிச்சூரில் தரைத்தளத்து அலமாரியில் இரண்டு நகல் வைத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் நனைந்தன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தனி டிஸ்கை நகல் எடுத்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். மாதத்தில் ஒரு நாள், சம்பளக் கணக்கு எழுதுகிற அன்றே, இதையும் வைத்துக்கொண்டால் மறக்காது.

இப்போது இந்த ஐந்து வரியை ஒரு காகிதத்தில் எழுதி, கம்ப்யூட்டர் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்:

1. பதறாதே. பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்காதே.
2. ப்ளக், ஸ்பைக் பஸ்டர், யு.பி.எஸ்., வயர் - வரிசையாகப் பார்.
3. விளக்கு, சத்தம், எழுத்து - மூன்றையும் குறித்துக்கொள்.
4. டக் டக் சத்தம், கருகல் வாசனை, ஈரம் - உடனே நிறுத்து.
5. நகல் எடுக்காமல் யாரையும் ஃபார்மட் போட விடாதே.

இதில் எதற்கும் ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம், சகோதரிகளே. அடுத்த முறை கம்ப்யூட்டர் கண் திறக்க மறுத்தால், பால் பொங்குகிறதா என்று பார்க்கிற அதே நிதானத்தோடு அதன் முன்னால் போய் உட்காருங்கள். மாலையில் அவர் வரும்போது, "ரேம்தான் லூஸா இருக்கு, படமெல்லாம் பத்திரமா இருக்கு" என்று நீங்களே சொல்லலாம்!